லாக்புக்கை முதலில் அப்பாவிடம் கொடுங்கள்

என் அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர். இந்திய சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்றப் போகிறேன் என்று சொன்னபோது, "கிழிந்த நோட்டைக் கொடுத்து நல்ல நோட்டு வாங்குவதுபோலவா?" என்று கேட்டார். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நீங்கள் பறந்த மணிகளுக்கு அங்கே மதிப்பு உண்டு. எழுதித் தேறிய தேர்வுகளுக்கு இல்லை. அவற்றை முதலிலிருந்து எழுத வேண்டும். மூன்றே மாதத்தில் எல்லாம் முடித்துத் தருவதாக ஒரு முகவர் என்னிடம் சொன்னார். எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசா ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது. ஆனால் உரிமத்தை வழங்குவது அதுவல்ல, அதன் விதிகளைப் பின்பற்றும் ஒரு நாட்டின் விமானத் துறைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் சேர்ந்து 31 நாடுகள். இவற்றில் ஒன்று தரும் உரிமம் மற்றவற்றிலும் செல்லும். பிரிட்டன் 2020 இறுதியோடு விலகிவிட்டது, அதற்குத் தனி உரிமம், தனித் தேர்வு. இது தெரியாமல் லண்டனில் மாமா இருக்கிறார் என்பதற்காக அங்கே பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எல்லாத் தாள்களையும் ஒரே நாட்டின் பொறுப்பில்தான் எழுத வேண்டும், பாதியில் மாற முடியாது.

அடுத்து மருத்துவச் சோதனை. புத்தகம் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். இந்தியாவில் பெற்ற முதல் வகுப்பு மருத்துவச் சான்று அங்கே செல்லாது. ஈயாசா விதிப்படி அங்கீகாரம் பெற்ற வான்மருத்துவ மையத்துக்கு நேரில் போக வேண்டும். இதயத் துடிப்பு வரைபடம், செவிச் சோதனை, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைகள் எல்லாம் உண்டு. கண்ணாடி அணிவது தடையல்ல. என்னோடு பயிற்சி பெற்ற ஒருவர் ஆறு தாள் எழுதித் தேறிய பிறகு மருத்துவத்துக்குப் போனார். செவிச் சோதனை அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. ஆறு தாளின் கட்டணமும் ஓராண்டு உழைப்பும் போனது போனதுதான்.

இப்போது லாக்புக், அதாவது பறந்த மணிகளை எழுதிவைக்கும் பதிவேடு. அங்கே உள்ள பயிற்சி நிறுவனம் உங்கள் அனுபவத்தைப் பார்த்து, எவ்வளவு பயிற்சி தேவை என்று பரிந்துரைக்கும், அதைக் கொண்டு விமானத் துறை முடிவு செய்யும். ஆகவே உங்களுக்காகப் பேசப் போவது லாக்புக் ஒன்றுதான். அனுப்புவதற்கு முதல் நாள் இரவு அப்பா சும்மா புரட்டிக்கொண்டிருந்தார். "ஒன்று நாற்பதும் ஒன்று நாற்பதும் சேர்ந்தால் எப்படியம்மா இரண்டு எண்பது?" என்றார். ஒரு மணி நாற்பது நிமிடத்தை 1.40 என்று எழுதி, அதைத் தசமம்போலக் கூட்டியிருந்தேன். சரியான விடை மூன்று மணி இருபது நிமிடம். 2.80 மணி என்றால் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம்தான், முப்பத்திரண்டு நிமிடம் என் கணக்கிலிருந்தே காணாமல் போயிருந்தது! அந்தப் பிழை அடுத்தடுத்த பக்கங்களின் மொத்தத்திலும் ஏறி உட்கார்ந்திருந்தது. விடியும்வரை இருவரும் பக்கம் பக்கமாகக் கூட்டினோம். திருத்தும்போது வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதி, நீங்கள் இங்கே பறந்த பயிற்சி நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

விமான நிறுவனங்களில் சேர எண்ணுகிறவர்கள் சி.பி.எல். அளவுத் தாள்களோடு நிற்காமல், அதற்கு அடுத்த நிலையான விமான நிறுவன விமானி உரிமத்துக்குரிய ஏ.டி.பி.எல். தாள்களையே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. மொத்தம் 13 தாள்கள். இங்கே 70 மதிப்பெண்ணில் தேறினோம், அங்கே 75. முதல் தாள் எழுதிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதத்துக்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும், ஒரு தாளுக்கு நான்கு வாய்ப்பு. தவறினால் தேறிய தாள்களும் சேர்ந்து போய்விடும். முடித்த பிறகு உரிமத்தைப் பெற 36 மாதம் அவகாசம் உண்டு.

நான் புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் மின்விசிறி, நூலகத்தில் ஏ.சி., முடிவு எளிது. விமானச் செயல்திறன் தாள் நமக்குக் கைவந்த கலை. மதுரை ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 அடி உயரம். கத்திரி வெயிலில் 40 டிகிரி அடித்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்துவிடும், விமானம் கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்பும். விமான நிலையத்துக்குப் பக்கத்து அவனியாபுரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். என்னைத் திணறடித்தது பனி. மல்லிகைப் பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் கட்டியைத் தவிர வேறு உறைபனி பார்த்தறியாத எனக்கு, இறக்கையின் மேல் மெல்லிய உறைபனிகூடக் காற்றோட்டத்தைக் கெடுத்துத் தூக்குவிசையைக் குறைக்கும் என்பது மனதில் பதியவே பல நாள் ஆனது. வானிலைத் தாளுக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். கேள்வி வங்கியை மனப்பாடம் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தேர்வில் தப்பித்தாலும் விமான நிறுவன நேர்காணலில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உரிமம் உண்மையானதுதான் என்று இந்திய விமானத் துறையான டி.ஜி.சி.ஏ. உறுதிப்படுத்த வேண்டும், அதற்கான விண்ணப்பத்தைத் தேர்வுகளுக்கு நடுவிலேயே கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத் திறன் நான்காம் நிலைக்குக் குறையக் கூடாது.

கடைசியில் பறந்து காட்ட வேண்டும். எனக்கு இரட்டை எஞ்சின் விமானத்தில் கருவிவழிப் பறத்தலோடு (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) சேர்த்து நடந்தது. உயரம் நூறு அடிக்கு மேல் விலகக் கூடாது, திசை ஐந்து டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. ஓர் எஞ்சின் நின்றதாகத் தேர்வாளர் பாவனை செய்யும்போது மட்டும் பத்து டிகிரிவரை பொறுப்பார். தரையிறங்காமல் மேலே எழும்ப முடிவெடுக்கும் உயரத்துக்குக் கீழே ஓர் அடி இறங்கினாலும் தப்பு. ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். நான் போனது நவம்பரில். மூடுபனியால் பதினொரு நாள் விமானத்தைத் தொடக்கூட முடியவில்லை. மே மாதம் போங்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் அப்பா கேட்டார், "வேலை அங்கேதானே?" இந்த உரிமம் பறக்கத்தான் அனுமதி, அங்கே வேலை செய்யும் உரிமை தனி விசா சம்பந்தப்பட்டது. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல மறுபடியும் ஓர் இரவு ஆனது.