தானே அணைந்துகொண்டிருந்த டிவி: என் அனுபவம்
எங்கள் 32 அங்குல எல்இடி டிவி, போட்ட சில நொடிகளில் தானே அணைந்து மறுபடி எரியும். பிளக் பாயிண்ட், ஸ்டெபிலைசர் மாற்றினேன். ஸ்லீப் டைமர் ஆஃப். செட்டாப் பாக்ஸைக் கழற்றினாலும் அதே கதை. மெயின் போர்டு போச்சு என்றார் மெக்கானிக்.

ஆனால் தொல்லையெல்லாம் காலையில்தான். கொஞ்சம் சூடேறிவிட்டால் அப்புறம் ராத்திரி வரை ஓடும். உள்திரவம் வற்றிய கெபாசிட்டரின் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கித் தரும் சிறு பாகம்) குணம் இது, குளிர்ந்திருக்கும்போது அதன் உள் மின்தடை கூடும், மின்சாரம் சீராக வராமல் டிவி அணையும். பிளக்கைப் பிடுங்கி, வெகுநேரம் விட்டுப் பின்மூடியைத் திறந்தேன். (பெரிய 450 வோல்ட் கெபாசிட்டரில் கை வைக்கவே கூடாது, மின்சாரம் தங்கியிருக்கும்.) பவர் போர்டில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரிந்தது. அதே மதிப்பில், 105 டிகிரி சூடு தாங்கும் புதியதை, மைனஸ் முனையைக் காட்டும் கோடு பார்த்துப் பற்றவைத்தேன். இப்போது காலையிலும் அணைவதில்லை. அப்பாடா!