குவில்ட் டிசைனில் லேயர்: கண்ணை விடப் பூட்டுதான் முக்கியம்

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் மெத்தைப் போர்வை) வரையத் தொடங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தையல் லேயரை மறைச்சா பாதிக் கோடுதான் மறையுது, மீதி அப்படியே நிக்குதே, ஏன்?" ஃபைலை வாங்கித் திறந்து பார்த்தால் லேயரெல்லாம் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், பெயர்கூட வைத்திருப்பார்கள். ஒன்றுகூடப் பூட்டியிருக்காது. அதனால் இந்தப் பதிவில் லேயரை மறைக்கும் கண் குறியைப் பற்றிக் கொஞ்சம், அதைத் தொடவிடாமல் வைக்கும் பூட்டுக் குறியைப் பற்றி நிறைய.

அதற்கு முன் ஒரு குழப்பம். குவில்ட்டுக்கே மூன்று அடுக்கு உண்டு: மேலே துண்டு சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. திரையில் வரும் லேயருக்கும் இந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. பஞ்சுக்கென்று ஒரு லேயர் போட்டு வெள்ளை அடித்து வைத்திருந்த ஃபைலும் என்னிடம் வந்திருக்கிறது. நாம் வரைவது மேலே கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான். அதை வேலை வாரியாகப் பிரித்து வைக்கத்தான் லேயர்.

எந்த மென்பொருள்?

குவில்ட்டுக்கென்றே செய்த எலக்ட்ரிக் குவில்ட் 8, 2017இல் வந்தது. நல்ல மென்பொருள். அதில் லேயர் மூன்றேதான்: முதலாவதில் பிளாக்கும் (திரும்பத் திரும்ப வரும் சதுரம்) பார்டரும், இரண்டாவதில் ஒட்டு வேலை (துணியின் மேல் வேறு துணியை வெட்டி வைத்துத் தைப்பது), மூன்றாவதில் தையல் கோடு. எந்த லேயரில் நிற்கிறீர்களோ அதில் இருப்பதை மட்டும்தான் பிடிக்க முடியும், ஆகவே பூட்டு என்கிற கவலையே அங்கே கிடையாது. ஆனால் டாலரில் பணம் கட்ட வேண்டும், நான்காவது லேயர் வேண்டுமென்றாலும் வழியில்லை. எனக்கு இங்க்ஸ்கேப்தான். இலவசம். அதன் எஸ்.வி.ஜி. ஃபைலை போன் பிரவுசரிலேயே திறந்து துணிக்கடைக்காரரிடம் நிறத்தைக் காட்டலாம். ஃபோட்டோஷாப்பில் குவில்ட் வரையாதீர்கள்; பெரிதாக்கினால் ஓரம் மங்கும், அங்குலக் கணக்கும் கைக்கு வராது.

1.2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்கட்டும். லேயர் பெட்டியும் பொருள் பெட்டியும் ஒன்றானது 2022இல் வந்த அந்தப் பதிப்பில்தான். நான் சொல்லும் இடங்கள் அதைப் பார்த்துச் சொல்பவை.

எதை வரையப் போகிறோம்

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் பழைய வீடுகளுக்குள் போயிருப்பவர்கள் பூப்போட்ட தரையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லில் இருப்பது கால் பூதான்; நான்கு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் முழுப் பூ. குவில்ட் பிளாக்குக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. 6 அங்குல பிளாக் ஒன்று, நான்கு சேர்ந்தால் 12 அங்குலப் பூ, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பூ. குழந்தைக்குப் போர்த்த 36 அங்குலச் சதுரம். துணிக்கு, குறிஞ்சிப்பாடிக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றும் வெற்று நிறப் பருத்தி கொஞ்சமும்.

படி 1: தாள்

டாகுமென்ட் ப்ராபர்ட்டீஸில் அலகை அங்குலமாக்கி, 36க்கு 36 வையுங்கள். கட்டக்கோடு அரை அங்குல இடைவெளியில். வலது மேல் மூலையில் காந்தம் போலிருக்கும் ஸ்னாப் குறியைப் போட்டு வையுங்கள்; வரைகிற கோடு பக்கத்து மூலையிலும் கட்டக்கோட்டிலும் தானாக வந்து ஒட்டும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

படி 2: லேயர் போடுதல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லேயர் பெட்டி வரும். கூட்டல் குறியை அழுத்தி நான்கு லேயர் போடுங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கீழிருந்து மேலாக: துண்டு, ஒட்டு, தையல், வெட்டு. பட்டியலில் மேலே இருப்பதுதான் படத்திலும் மேலே.

‘லேயர் 1’, ‘லேயர் 2’ என்றே விட்டுவிடுகிறவர்கள் அடுத்த வாரம் திறந்து பார்த்து முழிப்பார்கள்.

படி 3: பூட்டு

இங்க்ஸ்கேப்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பொருளைக் கிளிக் செய்தால், அது எந்த லேயரில் இருக்கிறதோ அந்த லேயரே நடப்பு லேயராகிவிடும். கேட்காது, சொல்லாது. தையல் லேயரில் நின்று கோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு முக்கோணத்தின் அளவு என்ன என்று பார்க்க அதைத் தொடுகிறீர்கள். தொட்ட நொடியே நீங்கள் இருப்பது துண்டு லேயரில். அடுத்து போடும் தையல் கோடெல்லாம் அங்கேதான் விழும். திரையில் பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும், அதுதான் வம்பு. தையலை மறைக்கும்போதோ வெட்டும் தாளை அச்செடுக்கும்போதோதான் வெளியே வரும்.

ஆகவே பழக்கம் ஒன்று: பேனாவை எடுக்குமுன், வேலை செய்கிற லேயரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பூட்டுக் குறி. பூட்டிய லேயரில் உள்ளதைக் கிளிக் செய்தால் ஒன்றும் ஆகாது, லேயரும் மாறாது. தெரியாமல் பூட்டிய லேயரிலேயே வரையப் போனாலும் விடாது. கீழே ஒரு வரியில் காரணம் சொல்லும். சன்னலின் அடியில் நடப்பு லேயரின் பெயர் எப்போதும் தெரியும். அங்கே ஒரு கண் இருக்கட்டும்.

"பூட்டுவானேன், கண்ணை மூடிட்டா போதாதா?" என்பார்கள். போதாது. மறைத்த லேயரின் மூலைகளில் ஸ்னாப் ஒட்டாது. பூட்டிய லேயர் கண்ணுக்கும் தெரியும், அதன் மூலையிலும் ஓரத்திலும் ஸ்னாப் வந்து ஒட்டும். தையல் கோடு என்பது இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியோ மூலைக்கு மூலையோ போகிற கோடு. துண்டைப் பார்க்காமல், அதன் மூலையைப் பிடிக்காமல் அதை எப்படிப் போடுவது? நான் கண் குறியைத் தொடுவது அச்செடுக்கும் நேரத்தில் மட்டும்.

பூட்டாமல் விட்டால் வரும் இன்னொன்று, கன்ட்ரோல் ஜி. துண்டும் அதன் மேல் ஒட்டும் சேர்ந்தே நகரட்டும் என்று இரண்டையும் பிடித்துக் குழுவாக்குவீர்கள். வேறு வேறு லேயரில் இருந்த அத்தனையும் ஒரே லேயருக்குள் வந்து சேர்ந்துவிடும், லேயர் பிரித்ததே வீண். குழு என்றால் ஒரே லேயருக்குள்தான்.

பூட்டு காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. முழு டிசைனையும் நகர்த்த கன்ட்ரோல், ஆல்ட், ஏ அழுத்தினால் எல்லா லேயரிலும் இருப்பதைப் பிடிக்கும், பூட்டியதைத் தவிர. பூட்டியது பின்தங்க, மற்றது நகர்ந்துவிடும். நகர்த்துமுன் எல்லாப் பூட்டையும் திறங்கள். (வெறும் கன்ட்ரோல் ஏ நடப்பு லேயரை மட்டும்தான் பிடிக்கும்.)

ஏற்கெனவே கலந்துபோன ஃபைலா? தையல் கோடு அனைத்தும் ஒரே நிறமாக இருந்தால் பிழைத்தீர்கள். பூட்டுகளைத் திறந்து, ஒரு கோட்டைப் பிடித்து, எடிட் மெனுவில் ‘செலக்ட் சேம்’, அதில் ‘ஸ்ட்ரோக் கலர்’. பிறகு லேயர் மெனுவில் ‘மூவ் செலக்ஷன் டு லேயர்’ போய்த் தையல் லேயரைக் காட்டினால் மொத்தமும் வீடு வந்து சேரும். இதற்காகவே தையலுக்கு வாடாமல்லி நிறம் ஒதுக்கியிருக்கிறேன். வேறு எந்தத் துண்டுக்கும் ஓரக் கோட்டுக்கும் அந்த நிறம் தருவதில்லை.

படி 4: பிளாக்கும் பிரதியும்

துண்டு லேயரைத் திறந்து மற்றவற்றைப் பூட்டுங்கள். 3 அங்குலச் சதுரம் நான்கு, ஒவ்வொன்றும் குறுக்கே வெட்டிய இரண்டு முக்கோணம், ஒன்று லுங்கி, ஒன்று வெற்றுத் துணி. பேனாவால் மூலை மூலையாகக் கிளிக் செய்தால் போதும். குழுவாக்குங்கள். ஆல்ட் டி அழுத்தினால் குளோன் கிடைக்கும். மூலத்தில் நிறம் மாற்றினால் எல்லாக் குளோனிலும் மாறும். மூன்று குளோன் எடுத்து, 90 பாகையாகத் திருப்பி, நான்கையும் மூலையோடு மூலை ஒட்டி வைத்து மறுபடியும் குழுவாக்கினால் பூ.

ஒன்பது பூவுக்கு ‘கிரியேட் டைல்டு குளோன்ஸ்’, 3 வரிசை, 3 பத்தி. இங்கே கவனம்: முதல் குளோன் மூலத்தின் மேலேயே அச்சுப்பிசகாமல் உட்காரும். ஒன்பது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் இருப்பது பத்து. மூலத்தை ‘தாய்’ என்று தனி லேயருக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். நிறம் மாற்றும்போது மட்டும் திறங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள்.

ஒட்டு லேயரில் இதழுக்கும் இதே வேலை: ஒரு இதழ், மூன்று குளோன், குழு, ஒன்பது. ‘இரண்டு தடவை செய்யணுமா?’ ஆமாம். கன்ட்ரோல் ஜி பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

லுங்கிக் கட்டத்தை போட்டோ எடுத்துத் துண்டுக்குள் நிரப்ப ஆசை வரும். கடைசியாகச் செய்யுங்கள். படம் உள்ளே வந்ததும் ஃபைல் நகர மறுக்கும்.

படி 5: தையல்

தையல் லேயர் திறந்து, மற்றது பூட்டு. நிரப்பு நிறம் இல்லை, கோடு வாடாமல்லி, புள்ளிக்கோடு. நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கனத்த பஞ்சு வேண்டாம். மெல்லிய பஞ்சு போதும், பழைய பருத்திப் புடவையே நடுவில் வைத்தாலும் சரி. இதழைச் சுற்றி ஒரு சுற்று, இணைப்பு ஓரமாக ஒரு கோடு. இணைய டிசைன்களில் வரும் சுருள் சுருளான கோடுகளை நம் தையல் மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

படி 6: வெட்டு

திரையில் இருப்பது தைத்து முடித்த அளவு. வெட்டுவதற்குச் சுற்றிலும் கால் அங்குலம் கூட வேண்டும். தனி லேயர் எதற்கு என்றால், இந்தக் கால் அங்குலம் துண்டு லேயருக்குள் வந்தால் பிளாக்கெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

முக்கோணம் ஒன்றைக் காப்பி எடுங்கள். துண்டு லேயரைப் பூட்டி, பெட்டியில் வெட்டு லேயரைத் தொட்டு, கன்ட்ரோல், ஆல்ட், வி: அதே இடத்தில், ஆனால் வெட்டு லேயரில் ஒட்டும். டூப்ளிகேட் செய்தால் பழைய லேயரிலேயே விழும், அதனால் காப்பிதான். ப்ரிஃபரன்ஸில் ‘ஸ்டெப்ஸ்’ பகுதியில் அவுட்செட் (வடிவத்தைச் சுற்றிலும் பெரிதாக்குவது) அளவை 0.25 அங்குலமாக்கி, பாத் மெனுவில் ‘அவுட்செட்’. மூலை மழுங்காமலிருக்கக் கோட்டின் மூலை வகை கூர்மையாக இருக்க வேண்டும்.

இப்போது முக்கோணத்தின் குட்டைப் பக்கம் 3.85 அங்குலம் காட்டும். 3⅞ அங்குலச் சதுரத்தைக் குறுக்கே வெட்டு என்று கைப்பழக்கத்தில் சொல்வது இதைத்தான், 3.875 என்பது ஸ்கேலில் பிடிக்கிற பக்கத்து அளவு. 36 பிளாக்குக்கு லுங்கியில் 72 சதுரம், வெற்றுத் துணியில் 72. இரண்டு மீட்டர் லுங்கி ஒன்றே தாராளம்.

பின்சேர்க்கை: "அக்கா, என் பூ 12.04 காட்டுது"

பதிவு போட்ட பிறகு வந்த கேள்வி. இங்க்ஸ்கேப் இயல்பாக ஓரக் கோட்டின் தடிமனையும் சேர்த்து அளக்கும். 1 மில்லிமீட்டர் கோடு போட்டிருந்தால் 12 அங்குலம் 12.04 ஆகும். டைல்டு குளோனும் அந்த அளவிலேயே அடுக்கும். மூன்று பூ வரிசை 36.12 ஆகித் தாளுக்கு வெளியே போகும். எடிட், ப்ரிஃபரன்ஸ், டூல்ஸ் போய் ‘ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்’ என்று மாற்றுங்கள். வரைவதற்கு முன்பே மாற்றினால் நல்லது. அடுக்கி முடித்தவர்கள் குளோன்களை அழித்து மறுபடி அடுக்குங்கள், ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்ய முடியாது.

இன்னொரு பின்சேர்க்கை: அச்சுக்கடை

எஸ்.வி.ஜி.யைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். அங்கே வேறு மென்பொருளில் திறப்பார்கள், மறைத்த லேயரும் எழுந்து வரக்கூடும். வேண்டாத லேயர்களின் கண்ணை மூடி பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள், மறைத்தது அதில் வராது. பூட்டியது வரும், பூட்டுக்கும் அச்சுக்கும் தொடர்பில்லை. 12 அங்குலப் பூ ஏ4 தாளில் நீளவாக்கில்கூட அடங்காது. நான்கு கால் பூவும் ஒன்றுதானே, 6 அங்குலக் கால் பகுதியை மட்டும் எடுத்தால் போதும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். வெட்டு லேயரின் ஓரத்தில் ஒரு அங்குலச் சதுரம் ஒன்று போட்டு வைத்திருந்தால், கடையை விட்டுக் கிளம்புமுன் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம்.