டிஸ்க்கில் பாதி காலி, ஆனாலும் ‘இடமில்லை’ என்கிறதா? கோடிக்கணக்கில் ஃபைல் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

சைவச் சுவடித் தொகுப்புக்காக 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்த ஊர் புதுச்சேரி. இங்கே சுவடி ஸ்கேன் செய்பவர்கள் டிஃப் படங்களுக்கு எத்தனை டெராபைட் வேண்டும் என்று சரியாகவே கணக்குப் போடுகிறார்கள். கோட்டைவிடுவது, இணையத்தில் பெரிதாக்கிப் பார்ப்பதற்காக வெட்டும் துண்டுப் படங்களில்.

8,192 × 2,048 பிக்சல் படத்தை 256 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் மேல் அடுக்கிலேயே 256 ஃபைல். அளவைப் பாதி பாதியாகக் குறைத்த கீழ் அடுக்குகளும் சேர்ந்தால் 340-ஐத் தாண்டும். 200 ஏடு, 400 பக்கம் உள்ள ஒரு கட்டுக்கு 1.3 லட்சத்துக்கு மேல்.

லினக்ஸின் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐநோட் (ஃபைலின் விவரங்களை வைக்கும் பதிவு) வேண்டும். அதன் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும்: வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று, அதாவது 1 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 6 கோடி. துண்டு ஒவ்வொன்றும் 8 கேபிக்குள் இருந்தால், சுமார் 450 கட்டிலேயே ஐநோட் தீர்ந்துவிடும். டிஸ்க்கில் பாதி அப்படியே கிடக்கும். வரும் பிழை என்னவோ அதே ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’தான். உடனே பெரிய ஃபைல்களை அழிக்கப் போகாதீர்கள், பயனில்லை. முதலில் ‘டிஎஃப் -ஐ’ கொடுத்துப் பாருங்கள். 100% என்றால், எந்த ஃபோல்டர் தின்கிறது என்பதை ‘டியூ --ஐநோட்ஸ்’ காட்டும்.

இருக்கும் டிஸ்க்கில் இந்த விகிதத்தை மாற்ற முடியாது. எல்விஎம் (பார்ட்டிஷன் அளவைப் பிறகு மாற்ற உதவும் லினக்ஸ் வசதி) மேல் இருந்தால் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம். ஐநோட்டும் அதே விகிதத்தில் கூடும். புதிதாக ஃபார்மட் செய்வதென்றால் ‘-ஐ 4096’ (4 கேபிக்கு ஓர் ஐநோட்) கொடுங்கள். ஐநோட் அட்டவணைக்கே டிஸ்க்கில் 6% போகும், போகட்டும். அதைவிட, எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டம் போடுவது நல்லது; அது தேவைப்படும்போது ஐநோட்டை உருவாக்கிக்கொள்ளும்.

‘டிஎஃப் -ஐ’யிலும் இடம் இருக்கிறது, ஆனாலும் அதே பிழையா? எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருப்பீர்கள். ஒரு கோடி அளவில் ஃபோல்டரின் குறியீடு நிரம்பிவிடும். கர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) பார்த்தால் ‘இண்டெக்ஸ் ஃபுல்’ என்றிருக்கும். ஃபைலிலிருந்து கணக்கிடும் ஹாஷின் (0-9, a-f எழுத்துகளாலான அடையாளக் குறி) முதல் இரண்டிரண்டு எழுத்தால் இரண்டு அடுக்குப் பிரித்தால் 65,536 ஃபோல்டர் கிடைக்கும். கோடி ஃபைலுக்கு ஃபோல்டருக்கு 150 சொச்சம். ஆனால் மனிதர் தேடும் காப்பகத்துக்கு ஹாஷ் வேண்டாம், கட்டு எண், ஏட்டு எண் என்றே பிரியுங்கள்.

அழிக்கும்போது ‘ஆர்எம் *’ கொடுத்தால் ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று திரும்பிவிடும். ‘ஃபைண்ட் . -டைப் எஃப் -டெலீட்’ போதும். எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

கடைசியாக, ஃபைல் பெயர். இஎக்ஸ்டி4-இல் பெயருக்கு 255 பைட் வரைதான். யூனிகோட் தமிழில் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. ‘புதுச்சேரி’ என்ற ஒரு சொல்லே 30 பைட். சுவடியின் முழுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஃபைல் பெயரில் திணித்தால் காப்பி பாதியில் நிற்கும். ஃபைலுக்கு எண் மட்டும் போதும், தலைப்பு அட்டவணையில் இருக்கட்டும்.