சக் ஆட்டம்: ஜாவைக் குறை சொல்லும் முன்

லேத்தில் வேலையைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் ராடைப் பிடித்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயலை அதன்மேல் வைக்கிறோம். சுழற்றினால் முள் 0.15 மி.மீ. ஓடுகிறது. உடனே ஜாவை, அதாவது சக்கின் பிடிக்கும் தாடையை, கிரைண்ட் பண்ணக் கிளம்பிவிடுவார்கள் பலர். கோளாறு ஜாவில் இல்லையென்றால் நல்ல ஜா வீணானதுதான் மிச்சம்.

கையில் கிடைத்த ராடை வைத்து அளப்பது அதற்கும் முந்தைய தவறு. ராடே வளைந்திருக்கலாம். கிரைண்ட் செய்த நேரான பாரை எடுங்கள். ஜாவைத் தளர்த்தி, பாரை மட்டும் அரைச்சுற்று திருப்பி மறுபடி பிடியுங்கள். டயல் அதிகம் காட்டும் மேடு பாரோடு சேர்ந்து திரும்பினால் குற்றம் பாரில். ஜாவோடு நின்றால் சக் பக்கம். இன்னொன்று, டயல் காட்டும் மொத்த ஓட்டத்தில் பாதிதான் மையம் விலகிய தூரம். இதை மறந்து இரண்டு மடங்கு திருத்திவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

அப்புறம், பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். சக்கைக் கழற்றி, அதைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் மூக்கின் வெளி விட்டத்திலும் முகத்திலும் டயல் வையுங்கள். அங்கேயே முள் ஆடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும், சக்கை அல்ல. அது சரியாக இருந்தால் சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பேக் பிளேட், அதன் பிறகு சக். கடைசியாகப் பாரில் ஜா ஓரத்திலும் 100 மி.மீ. தள்ளியும் அளக்கவும். இரண்டிலும் ஒரே ஓட்டம் என்றால் மையம் விலகியிருக்கிறது. தள்ளிப் போகப் போகக் கூடினால் சக் சாய்ந்திருக்கிறது, அல்லது ஜாவின் வாய் தேய்ந்து விரிந்திருக்கிறது.

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. சக் உட்காரும் 100 மி.மீ. அகல முகத்தின் ஓர் ஓரத்தில் 0.05 மி.மீ. பிசிறு சிக்கினால் போதும், 200 மி.மீ. தள்ளி டயலில் 0.2 தெரியும். ஒருமுறை அரை நாள் தேடினேன். துணியால் எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை. விரல் நகத்தால் வருடியபோதுதான் தட்டுப்பட்டது: போல்ட் துளையைச் சுற்றி இழை மேலெழும்பி நின்றது. ஆயில் ஸ்டோனால் இரண்டு தேய்ப்பு, துளை வாயில் சின்னச் சரிவு, வேலை முடிந்தது.

பேக் பிளேட்டே கோணல் என்றால், அது மாட்டப்போகும் அதே ஸ்பிண்டிலில் வைத்து மெல்லிய வெட்டாகக் கடையுங்கள். வேறு லேத்தில் கடைந்து வந்து மாட்டினால் பழைய கதைதான். சக்குக்கும் பேக் பிளேட்டுக்கும் நடுவே காகிதம் செருகுவது அன்றைய தினத்துக்கு மட்டும். போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டுச் சுத்தியலால் அடிப்பதோ, அடி நேராகப் பேரிங்குக்குப் போகும்.

ஜாவைக் கிரைண்ட் பண்ணியே ஆக வேண்டுமென்றால், ஜா ஒரு வளையத்தைப் பிடித்து இறுகிய நிலையில் இருக்கட்டும். சும்மா விட்டுக் கிரைண்ட் பண்ணினால், வேலையைப் பிடித்ததும் ஜா வேறு பக்கம் சாய்ந்துகொள்ளும்.

ஆனால் பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள். சாதாரண மூன்று ஜா சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருப்பது சகஜம். ஒரே பிடிப்பில் கடைந்து முடிக்கும் ஜாபுக்கு அது உறைக்கவே உறைக்காது. திருப்பிப் பிடிக்க வேண்டிய ஜாபுக்கு, ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியாக நகர்த்தக்கூடிய நான்கு ஜா சக் இருக்கவே இருக்கிறது. அதுவும் இல்லையா, மூன்று சாவித் துளைகளிலும் தனித்தனியாக இறுக்கி டயல் பாருங்கள். குறைவாக ஓடும் துளைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்ச் புள்ளி வைத்துவிட்டு, இனி அதிலேயே இறுக்குங்கள்.