கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்த பையன்

காட்பாடி வீட்டில் கதவு நிலையை இடிக்காமல் என் பையன் போனதே கிடையாது, பென்சில் முனையை அழுத்தியே உடைப்பான், தம்பியைக் கட்டிப்பிடித்தால் தம்பி அலறுவான். வாலு என்றார்கள் எல்லோரும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) விளக்கினார்: கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தசையும் மூட்டும் மூளைக்கு அனுப்பும் சேதி சில பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பதிவதில்லை, அதைத் தேடித்தான் மோதுகிறார்கள், குதிக்கிறார்கள். சரி, அதற்கு? உடம்புக்கு அழுத்தம் தரும் வேலைகள். பள்ளிக்குக் கிளம்பும் முன் சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, சிரமமில்லாமல் தூக்கும் அளவுக்குத் தண்ணீர் வாளி, சப்பாத்தி மாவு பிசைவது (பாதி மாவு தரையில்தான், போகட்டும்). வேலூர் வெயிலில் மொட்டைமாடி நடக்காது, அதனால் கூடத்தில் தலையணைகளைக் குவித்து ஏறி விழச் சொன்னோம். பென்சில் இப்போது தப்பிக்கிறது. கதவு நிலை இன்னும் அடி வாங்குகிறது, ஆனால் குறைவாக.