ஐஸ் பழக்கத்துக்கு மருந்து டிரையல்ல சேக்குறதுக்கு முன்னாடி வீட்டுல பாக்க வேண்டியது

காரைக்குடி தேவகோட்டை பக்கம் ஒரு வீட்டுப் பையன் ஐஸ்னு சொல்ற மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்) போதையில மாட்டிக்கிட்டான்னா மொத வேலையா மூடி மறைப்போம். பங்காளிகளுக்குத் தெரியக்கூடாது, பொண்ணு குடுக்குறவுக காதுக்குப் போகக்கூடாது. சரி, ஊருக்கு மறைங்க. ஆனா மருந்து வேலை செய்யுதான்னு ஆளுகளுக்குக் குடுத்துப் பாக்குற டிரையல்ல சேத்தா, அந்த டாக்டர்கிட்ட மட்டும் ஒண்ணுகூட மறைக்காதீங்க.

மொதல்ல நெலவரத்தச் சொல்லிடுறேன். மெத், கொக்கைன் ரெண்டுக்கும் அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ இன்னும் ஒரு மருந்தக்கூட அப்ரூவ் பண்ணல, அதான் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்காங்க. 2021ல ரிசல்ட் வந்த ஒரு பெரிய டிரையல்ல அங்க 403 பேருக்குப் பாத்தாங்க, ஒரு பக்கம் மூணு வாரத்துக்கு ஒரு நால்ட்ரெக்ஸோன் ஊசியும் தெனமும் புப்ரோப்பியான் மாத்திரையும், இன்னொரு பக்கம் மருந்தே இல்லாத டம்மி ஊசியும் மாத்திரையும். மருந்து கேட்டது 13.6 சதவீதம் பேருக்கு, டம்மியில 2.5. பெரும்பாலானவங்களுக்கு கேக்கலங்கிறதையும் சேத்தே பாருங்க. நம்ம பையனுக்கு டம்மி விழுந்தாலும் அது நமக்கும் தெரியாது, குடுக்குற டாக்டருக்கும் தெரியாது.

எங்கயாச்சும் டிரையல்னு கேள்விப்பட்டா சிடிஆர்ஐ நம்பர் கேளுங்க, அது இந்தியாவுல நடக்குற டிரையல் எல்லாத்தையும் பதியுற அரசாங்கப் பதிவேடு. 2009 ஜூன்ல இருந்து இந்தியாவுல டிரையல் எதுவா இருந்தாலும் அதுல பதிவு பண்ணியாகணும், சைட்ல போட்டா எந்த ஆஸ்பத்திரி, டிரையல் நியாயமா நடக்குதான்னு பாக்குற எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கா எல்லாம் வந்துரும். நம்பரும் தராம, புது மருந்துன்னு சொல்லிக் காசும் கேட்டா எந்திரிச்சு வந்துருங்க, ஆராய்ச்சிச் செலவ நோயாளி தலையில கட்டக்கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் தெளிவா சொல்லியிருக்கு.

கன்சென்ட் ஃபார்ம், அதான் சம்மதப் படிவம், தமிழ்ல வேணும்னு கேட்டு வாங்குங்க. பையன் மேஜர்னா அப்பச்சி கையெழுத்து செல்லாது, போதை இல்லாம தெளிவா இருக்கைல அவனே படிச்சுப் புரிஞ்சு போடணும். எப்ப வேணும்னாலும் வெலகலாம், டிரையலால ஒடம்புக்கு ஏதாச்சும் ஆனா வைத்தியமும் நஷ்டஈடும் குடுக்கணும்னு மருந்து டிரையலுக்கான 2019 விதியில இருக்கு. ஆத்தாமாருக்கு இருக்குற பெரிய பயம் பேரு வெளிய வந்துருமோன்னு. ஆராய்ச்சிக்குப் போற ரெக்கார்டுல பேருக்குப் பதிலா ஒரு கோடு நம்பர்தான் போகும்.

இப்ப மறைக்காதீங்கன்னு சொன்ன விஷயம். மெத் எடுக்குற பசங்க சிலபேர் டேபென்டடால், டிரமடால் மாதிரி அபின் வகை வலி மாத்திரையும் போடுறாங்க, அத சொல்லாம நால்ட்ரெக்ஸோன் ஊசி போட்டா ஒடனே வாந்தி, பேதி, ஒடம்பெல்லாம் முறுக்குற வலின்னு படுத்தி எடுத்துரும், ஊசி ஒடம்புல வாரக்கணக்கா இருக்கும், ஏறுனத எடுக்க முடியாது. சின்ன வயசுல வலிப்பு வந்திருந்தாலோ, குடிச்சிக்கிட்டு இருந்து திடீர்னு நிறுத்தியிருந்தாலோ புப்ரோப்பியான் ஆபத்து. அதனால வீட்டுல இருக்குற மாத்திரை அட்டை, நாட்டு மருந்துப் பொட்டலம், சளி மருந்து பாட்டில் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு அப்படியே டாக்டர் மேசையில கொட்டுங்க.

யூரின் டெஸ்ட் அடிக்கடி இருக்கும், அந்த 2021 டிரையல்ல வாரத்துக்கு ரெண்டு தடவ. கப்போட வெளிப்பக்கம் வெப்பம் காட்டுற ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கும், வேற யாரோடதாச்சும் கொண்டுபோனா அதுலயே மாட்டிக்கலாம். பாசிட்டிவ் வந்ததும் அங்கயே பையன அடிக்கப் போகாதீங்க. புப்ரோப்பியானே சில ஸ்ட்ரிப் டெஸ்ட்ல மெத் குடும்பத்து ஆம்ஃபெட்டமைன் மாதிரி பொய்யா காட்டும், சில சளி மாத்திரையும் அப்படித்தான், லேப்ல கன்ஃபர்ம் பண்ணச் சொல்லுங்க. நெசமாவே எடுத்திருந்தாலும் எடுத்தேன்னு அவன் சொன்னாத்தான் டிரையலுக்கே அர்த்தம். மிச்ச மாத்திரையையும் காலி அட்டையையும் திருப்பிக் கொண்டுபோகணும், எண்ணிப் பாப்பாங்க, தூக்கிப் போட்டுறாதீங்க.

மதுரைக்கு பஸ்ஸோ சென்னைக்கு பல்லவன் ரயிலோ, மாசக்கணக்குல கூட யாரு போறதுன்னு இப்பவே முடிவு பண்ணிருங்க. டிரையல் எதுவும் கெடைக்கலன்னா காத்துக்கிட்டு இருக்காதீங்க, மெத்துக்கு இப்போதைக்கு நல்லா வேலை செய்யுறது கவுன்சிலிங்கும், யூரின் சுத்தமா வந்தா சின்னப் பரிசு குடுக்குற முறையுந்தான். போதை மீட்பு உதவி நம்பர் 14446க்கு அடிச்சா காசில்லாம வழி சொல்வாங்க. நிறுத்துன மொத சில வாரம் பையன் ஓயாம தூங்குவான், வெறுத்துப் போய்க் கெடப்பான், சாகலாம்னுகூடத் தோணும். அப்படி ஒரு வார்த்த சொன்னாலே தனியா விடாதீங்க, ராத்திரி எத்தன மணியானாலும் 108க்கு அடிங்க.