மலையில் இடம் வாங்குவோர் தண்ணீர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பத்து சென்ட் வாங்கி வீடோ காட்டேஜோ கட்ட வருகிறவர்கள் பட்டாவைப் பார்ப்பார்கள், சாலை வசதி கேட்பார்கள், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா என்றும் கேட்பார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்ற நினைப்புதான்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது உண்மை. ஆனால் அது மாவட்டத்தின் மேற்குப் பக்கம். அங்கே விழும் தண்ணீரில் பெரும்பகுதி குந்தா அணைகளில் தேங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, பவானி வழியாகச் சமவெளிக்கு இறங்கிவிடும். கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. அது ஒரு வருடம் ஏமாற்றினால் ஜனவரியிலேயே குழாய் இளைத்துவிடும். மாவட்டத்தின் சராசரி மழையை வைத்து இடம் வாங்காதீர்கள்.

டிசம்பரில் ஊற்றைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. புரோக்கர் அப்போதுதான் கூட்டிப்போவார்! ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் பாருங்கள். ஊற்று சுருங்குவதும் சீசன் கூட்டம் வந்து இறங்குவதும் அப்போதுதான். எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள்.

இதே தவறை அமெரிக்காவில் ஒரு பெரிய நதியை வைத்தே செய்தார்கள். 1922-ல் கொலராடோ நதியை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டபோது, கையிலிருந்த கணக்கு நல்ல மழை பெய்த ஆண்டுகளுடையது. நதியில் இல்லாத தண்ணீரையும் சேர்த்துக் காகிதத்தில் பிரித்துக்கொண்டார்கள். அதை நம்பிப் பாலைவனத்தில் நகரங்கள் வளர்ந்தன. 2022-ல் அந்த நதியின் அணை நீர்த்தேக்கமான மீட் ஏரி, 1930-களில் நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. ஆனாலும் வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் லாஸ் வேகாஸ், வீடுகளுக்குள் புழங்கிய தண்ணீரை ஏறக்குறைய முழுவதும் சுத்திகரித்து அந்த ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது. அதைப்போலப் பல மடங்கு மழை பெறும் ஊட்டியிலோ, கோடப்பமந்து கால்வாய் கழிவுநீரைச் சுமந்து ஏரிக்குப் போகிறது.

சரி, இடத்துக்கு வருவோம். மலையில் சமதளம் கிடைத்தால் யாருக்கும் ஆசை வரும். இரண்டு சரிவுகளுக்கு நடுவே புல் மண்டிக் கிடக்கும் சமதளம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலும் அது சதுப்பு. மழையை ஊறவைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுதான். பொக்லைன் வைத்து மண்ணடித்தால் கீழே இருப்பவர்களின் ஓடை வற்றும், உங்கள் சுவரிலும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதிகம் பேர் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. சென்னையில் செய்வதைப்போல உறிஞ்சுகுழி வெட்டிக் கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விடுவதை, செங்குத்துச் சரிவில் அப்படியே செய்யக்கூடாது. இங்கே மண் ஆழமானது. நீர் ஏற ஏற எடை கூடி, பிடிப்பு குறைந்து சரியும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவருக்கு மேலே குழி தோண்டுவது ஆபத்தை அழைப்பதுதான். தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளை விடாமல் பூசிவிடுவதும் அப்படித்தான்.

மரம் நட்டால் தண்ணீர் வரும் என்று புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நடாதீர்கள். அவை நீரை உறிஞ்சும். ஓடைகளைக் காப்பது சோலை எனப்படும் மலையின் இயற்கைக் காடும் புல்வெளியும் சேர்ந்துதான். போர் போடலாம் என்ற எண்ணமும் வேண்டாம், மலையில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. லாரித் தண்ணீரோ இன்னொருவரின் ஓடையில் எடுத்தது. அப்புறம், செப்டிக் டேங்க் கசிந்தால் அது சேருவது கீழ்வீட்டு ஊற்றில்.

ஆக, கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விடாமல் தொட்டியில் பிடியுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர், மழையில்லாத 90 நாள் என்றால் 36,000 லிட்டர் வேண்டும். அதன் எடை 36 டன். எனவே தொட்டியை மண்ணடித்து மேடாக்கிய ஓரத்தில் வைக்காமல், வெட்டியெடுத்த பக்கத்தின் கெட்டித் தரையில், பின்சரிவிலிருந்து தள்ளி வையுங்கள். நிரம்பி வழிவதைக் குழாய் போட்டு ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள்.